இடுப்புச் சாவி

"இது பொட்டி சாவி இல்லங்கறேன், செத்த நேரம் வாய மூடிக்கினு…"

"நீ மூடு. கல்யாணம் ஆனதுலருந்து என் இடுப்புல கெடக்குற சாவி. எனக்குத் தெரியாததா உனக்குத்…"

"அப்பறம் ஏன் திரும்ப மாட்டேங்குது? சொல்லுங்க, ஏன் திரும்பல?"

"எண்ண போடு. துரு புடிச்சிருக்கும். எல்லாத்துக்கும் ஒரு பேஜாரு உங்கிட்ட."

எண்ணெய் போட்டாயிற்று. ட்ரங்குப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்த அம்சாவின் விரல்களில் கடலையை ஆட்டின மல்லாட்டை எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. சாவி பூட்டுக்குள் பாதிக்கு மேல் நுழையவே இல்லை. அவள் புருஷன் தாண்டவராயன் கட்டிலில் காலை அகட்டி உட்கார்ந்து, சண்டை எதைப் பற்றி என்பதையே மறந்துவிட்ட முகத்தோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவன் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு வெறுமையாகக் கிடந்தது. அதிலிருந்துதான் அவள் சாவியைக் கழற்றியிருந்தாள்.

வெளியே ஐப்பசி மழை காலையிலிருந்து விடவில்லை. ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் தகர வாளியில் விழும் சத்தமும், ரயில்வே ஷெட்டில் எஞ்சின் ஆவி விடுகிற நீண்ட பெருமூச்சும், பக்கத்து வீட்டில் யாரோ அம்மி அரைக்கிற கரகரப்பும் கலந்து விழுப்புரத்தின் அந்தச் சந்து முழுக்க ஒரே ஓசையாக நிரம்பியிருந்தன. குண்டு பல்பு மங்கி மங்கி எரிந்தது. அம்சா சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெட்டிப் பூட்டின் வாய் சின்னது. இந்தச் சாவி விரல் நீளம், கனத்த இரும்பு. இத்தனை மாதமாக அவனைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். அந்தச் சாவியின் மேல் வழியும் சோப்பு நுரையைத் தினமும் தன் கையால் வழித்துவிட்டிருக்கிறாள். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறக்க அவளுக்கு ஆசையும் இல்லை. அதற்குள் பொன்னியின் துணிகள் இருந்தன. காணாமல் போன பிள்ளையின் துணியை எடுத்து உதறினால் எல்லாம் முடிந்துபோன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். அதனால் சித்திரையிலிருந்து பெட்டிப் பக்கமே போகவில்லை. பொன்னி அவர்களுக்கு ஒரே பிள்ளை. எட்டு வயது. பள்ளிக்கூடம் லீவு விட்ட வாரத்தில் அப்பனோடு கிளம்பிப் போனவள். திரும்பி வந்தது அப்பன் மட்டும். பிள்ளையை எங்கே விட்டான் என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை.

இன்றைக்குப் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தது மெட்ராஸிலிருந்து நேற்று கொண்டுவந்த ஸ்கேன் படத்தால். பெரிய பழுப்பு உறைக்குள் இருந்த அந்தக் கறுப்புத் தாளைத் தாண்டவராயன் காலையிலிருந்து உருவி உருவி எடுத்து பல்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தான். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். அவனுடைய தலையைக் குறுக்கே அரிந்து அரிந்து எடுத்த படங்கள். அது தன் தலை என்று சொன்னால் சரி என்பான். அடுத்த நிமிஷம் புதிதாகப் பார்ப்பான்.

"யாரு வூட்டு பிளான் இது? ரூமு ரூமா இருக்குது. ஒரு ஜன்னல் கூட வெக்கலியே, படுபாவி."

ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. அதே சிரிப்பு. படத்தை அவன் கண்ணில் படாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம் என்றுதான் அம்சா சாவியைக் கழற்றினாள்.

அந்தப் படத்தின் மேல்தான் அவள் உயிரையே வைத்திருந்தாள். ரயில்வேயில் பிட்டராக இருக்கிற தம்பி கண்ணையன்தான் யார் யாரையோ பிடித்து, மெட்ராஸில் மண்டைக்குள்ளே படம் எடுக்கிற மெஷின் வந்திருக்கிறது என்று ஏற்பாடு செய்து கூட்டிப் போனான். பெரிய வளையத்துக்குள் புருஷனின் தலை போய்ப் போய் நின்றபோது அம்சா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மண்டைக்குள் இருப்பதை எல்லாம் எடுக்கிற மெஷின். அவன் கடைசியாகப் பார்த்ததும் அதற்குள்ளேதானே இருக்க வேண்டும்.

டாக்டர் நல்ல மாதிரி. படத்தை வெளிச்சப் பலகையில் சொருகி, பக்கத்தில் அவளைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். வெள்ளை எலும்பு. சாம்பல் மூளை. கறுப்பு வெறும் தண்ணீர். நடுவில் இருக்கிற இந்தக் கறுப்புக் கோடு இந்த வயதுக்கு நூல் மாதிரி இருக்க வேண்டும், இவருக்கு வாய்க்கால் மாதிரி விரிந்திருக்கிறது என்றார். நாள் கணக்கில் சோறு தின்னாமல் சாராயத்திலேயே உயிர் வாழ்ந்தவர்களுக்கு மூளை இப்படிச் சுருங்கும். புதிதாக நடப்பதைப் பதித்துவைக்கிற இடம் ஒரு மல்லாட்டைப் பருப்பு அளவுகூட இருக்காது, அது இந்த மெஷினில் சரியாகத் தெரியாது, ஆனால் சுற்றிலும் இருக்கிற சேதத்தையும் அவர் கண் ஆடுகிறதையும் நடையையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை என்றார்.

அம்சா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல எம் பொண்ண வுட்ட எடம் தெரியுதுங்களா சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வேறு ஒன்றைக் கேட்டார். முதன்முதலில் இவர் விழுந்தபோது யாராவது குளுகோஸ் ஏற்றினார்களா என்று.

ஏற்றினார்கள். அம்சாதான் ஏற்றச் சொன்னாள்.

தாண்டவராயன் மல்லாட்டைத் தரகு பார்த்தவன். வல்லம் பக்கத்துக் கொல்லைகளில் பேசி முடித்து, திண்டிவனம் மண்டிகளில் இறக்குவது அவன் தொழில். அன்றைக்குக் காலையில் பொன்னிக்கு ரெட்டைச் சடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பினாள். வானூரில் அவன் அக்கா வெள்ளையம்மாள் வீட்டில் லீவுக்கு விடுவதாகப் பேச்சு. திண்டிவனத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது, முடித்துக்கொண்டு அங்கிருந்து பஸ் பிடிக்கிறேன் என்றான். மறுநாள் மத்தியானம், அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே விழுந்து கிடந்தான் என்று தெரிந்த லாரிக்காரர் ஒருவர் கொண்டுவந்து இறக்கினார். பிள்ளை வானூரில் பத்திரமாக இருக்கிறாள், இவன் குடித்துவிட்டு விழுந்திருக்கிறான் என்றுதான் அம்சா நினைத்தாள். எத்தனையோ தடவை நடந்ததுதான். கண்மணி இரண்டும் கெண்டை மீன் போலத் துள்ளிக்கொண்டிருந்தன. கால் ஊன்றவில்லை. வாய் மட்டும் விடாமல் முனகியது. சாவி. சாவி. கை இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

பெட்டியைத் திறந்து பொன்னியின் வெள்ளிக் கொலுசை எடுத்துக்கொண்டு சாராயக் கடைக்குப் போக முன்பும் இப்படித்தான் சாவியைத் தேடியிருக்கிறான். அவள் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"சாவியும் கெடையாது, சாராயமும் கெடையாது. பேசாம படு."

பிறகு ரிக்‌ஷாவில் போட்டு கம்பவுண்டரிடம் கொண்டுபோனாள். அந்தத் தெருவில் யார் துவண்டாலும் அதுதான் வழக்கம். ஜுரமோ, பேதியோ, பிரசவக் களைப்போ, ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடும். கம்பவுண்டர் ஊசி போட்டு அனுப்பத்தான் பார்த்தார். அவள்தான் விடவில்லை. நல்லா தெம்பு வரட்டும், ரெண்டு பாட்டிலா போடுங்க என்று நின்று போடவைத்தாள். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே பார்த்தாள். பாட்டில் இறங்க இறங்க முனகல் குறைந்தது. சாவி என்ற சொல் முதலில் தேய்ந்தது, பிறகு உதடு மட்டும் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. அப்பாடா, தூங்குகிறான் என்று சந்தோஷப்பட்டாள்.

முதலில் ஒரு வைட்டமின் ஊசி போட்டிருக்க வேண்டும் என்றார் மெட்ராஸ் டாக்டர். சத்தே இல்லாத மூளைக்குள் வெறும் சர்க்கரை போனால் மிச்சம் இருந்ததையும் எரித்துவிடும். உங்களுக்கு எப்படிம்மா தெரியும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் ஆறுதலுக்காகச் சொன்னது. அதுதான் நேற்றிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

கண் விழித்தபோது தாண்டவராயன் தெளிவாக இருந்தான். இட்லி கேட்டு வாங்கித் தின்றான். பொன்னி அழாம இருந்தாளா என்று அவள் கேட்டதற்குச் சிரித்தான்.

"அக்கா வூட்டு கொய்யா மரத்துல ஏறிக்கினா. எறங்கவே மாட்டேன்னுட்டு ஒரே அடம். கால ஆட்டிக்கினு டாட்டா காட்டுனா."

அந்தக் கால் ஆட்டலை நினைத்து நினைத்து ஒரு வாரம் அம்சா நிம்மதியாகத் தூங்கினாள். அப்புறம் ஒரு நாள் வெள்ளையம்மாளே கூடை நிறைய மாங்காயோடு படியேறி வந்து, லீவு வுட்டு இத்தினி நாளாச்சே, புள்ளய ஏன் இன்னும் அனுப்பல என்று கேட்டாள்.

அன்றைக்குத் தொடங்கியது. போலீஸ் வானூரைச் சல்லடை போட்டது, பாண்டி பஸ்களை எல்லாம் விசாரித்தது, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலும் கேட்டுப் பார்த்தது. தாண்டவராயன் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னான். வல்லத்தில் திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்டேன் என்றான். வளையல்காரி என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்பது வரைக்கும் சொன்னான். அம்சா போட்டோவை எடுத்துக்கொண்டு வல்லம் முழுக்க அலைந்தாள். அந்த மாதத்தில் அங்கே திருவிழாவே நடக்கவில்லை. ஒரு நாள் தாங்க முடியாமல் கிணத்துலயா என்று அவளே கேட்டுவிட்டாள். ஆமா, கிணத்துலதான் என்று உடனே அழுதான். கண்ணையன் ஆள் வைத்து, மாமன் கை காட்டின கிணற்றை இறைத்தான். சேறும் ஒரு பித்தளைச் செம்பும் கிடைத்தன. அவன் பொய் சொல்லவில்லை என்றார் டாக்டர். ஓட்டை விழுந்த இடத்தை மூளை தானாகவே ஏதாவது போட்டு அடைத்துக்கொள்ளும். நீங்கள் கேட்கிற கேள்வியையே எடுத்து அடைத்துக்கொள்ளும். அவரைக் கேட்காதீர்கள்.

இப்போது அம்சா எண்ணெய்க் கையோடு தரையில் உட்கார்ந்து யோசித்தாள். இது பெட்டிச் சாவி இல்லை என்றால் பெட்டிச் சாவி எங்கே?

அவன் குடித்துவிட்டுத் தூங்கும் இரவுகளில் அவள் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து ஒளித்துவைப்பாள். விடிந்ததும் அவன் எழுவதற்குள் கட்டிவிடுவாள். அவர்கள் கிளம்பிய நாளுக்கு முந்தின ராத்திரியும் அவிழ்த்தாள். விடியற்காலையில் திரும்பக் கட்டினாள். நன்றாக நினைவிருக்கிறது. விடிவிளக்கின் வெளிச்சம், அவன் வயிற்றின் சூடு, கயிற்றில் விழுந்த முடிச்சு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

எழுந்து சமையல் கட்டுக்குப் போனாள். கேப்பைப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டாள். குளிர்ந்த தானியம் விரல்களுக்கிடையில் நெளிந்து வழிவிட்டது. அடியில் தட்டுப்பட்டது. சின்னச் சாவி. பித்தளை.

பெட்டி சட்டென்று திறந்துகொண்டது. உள்ளேயிருந்து அந்துருண்டை வாசமும், அதற்கடியில் பொன்னியின் தலையில் தேய்க்கிற தேங்காய் எண்ணெயின் காறல் வாசமும் மெல்ல எழுந்து வந்து அவள் முகத்தில் படர்ந்தன. அம்சா துணியைத் தொடவில்லை. அவள் திரும்பக் கட்டவே இல்லை. அந்த முடிச்சு நடக்கவே இல்லை. அவள் மண்டைக்குள்ளும் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு ஓட்டையை அடைத்திருக்கிறது, வாசனையோடு, வெளிச்சத்தோடு, அவன் வயிற்றுச் சூட்டோடு.

அப்படியானால் இந்த இரும்புச் சாவி அந்த ஒரு நாளில் அவன் இடுப்புக்கு வந்தது.

கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கேட்டால் போச்சு. வீடா என்றால் வீடு என்பான். கடையா என்றால் கடை. டாக்டர் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார், வாசல் வரை வந்து, பேச்சுவாக்கில். நினைவு போனாலும் பழகின வேலை போகாதும்மா, கை மறக்காது, கால் மறக்காது, சும்மா உட்கார வைக்காமல் தெரிந்த வேலையைச் செய்ய விடுங்கள் என்று.

ஒரு வார்த்தையும் பேசாமல் சாவியைக் கொண்டுபோய் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

தாண்டவராயன் அதைப் பார்க்கக்கூட இல்லை. விரல்கள் தானாக மூடிக்கொண்டன. எழுந்து நின்றான். கையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, சாவியைக் காற்றில் நுழைத்து, மேலே லேசாக ஒரு தூக்குத் தூக்கி, இடப்பக்கம் திருப்பினான். எதையோ கழற்றிக் கீழே வைக்கிற மாதிரி குனிந்து நிமிர்ந்து, வலது தோளால் முன்னால் ஒரு இடி இடித்தான். இறுகிப்போன பெரிய கதவு ஒன்றைத் திறக்கிற ஆளின் இடி.

கரண்டு போனது.

இருட்டில் மழைச் சத்தம் பெரிதாகியது. அதற்கு நடுவில், சுவரில் தோள் மோதுகிற சத்தம். தொம். கொஞ்சம் இடைவெளி. தொம். அம்சாவுக்கு விளக்கேற்ற நகர முடியவில்லை. தீப்பெட்டி எங்கே என்று தெரிந்தும் கை போகவில்லை. பிறகு சத்தம் நின்றது. யாரும் எதுவும் கேட்காமல் அவன் பேசினான். குரல் வழக்கம்போல இளகி இல்லை. வேலை முடித்த ஆளின் குரல்.

"பூட்டு நல்லா வுழுந்துதான்னு ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுதான் வந்தேன். நீ பயப்படாத."

அம்சா பயப்பட்டாள்.

மறுநாள் கண்ணையனுக்கு ஷெட்டில் டூட்டி. அவனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் வருவான், வந்தால் எங்கே மாமா, எந்தத் தெரு மாமா என்று கேட்பான். கேட்கக் கூடாது. மத்தியானச் சோறு போட்டு, புருஷனுக்குச் சலவைச் சட்டை மாட்டி, சாவியை அரைஞாணில் திரும்பக் கட்டி, திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றினாள். விக்கிரவாண்டி தாண்டி ரோட்டில் தண்ணீர் ஓடியது. பஸ் வெகு நேரம் நின்று நின்று போனது. தாண்டவராயன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீரில் நிற்கும் கரும்பைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போவதாக மலர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தான். அவரும் மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு ஒரு ஊரும் ஒரு உத்தியோகமும் உடனே கிடைத்தன.

திண்டிவனத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஊரிலும் கரண்டு இல்லை. கடைகளில் பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று எரிந்தது. அவள் அவன் கையை விட்டாள். மூன்று நான்கு அடி பின்னால் நின்றாள்.

அவன் சுற்றிலும் பார்த்தான். திரும்பி அவளைத் தேடினான். அவள் ஒரு லாரியின் மறைவுக்கு ஒதுங்கினாள். ஒரு கணம் அவன் முகம், சந்தையில் தொலைந்த பிள்ளையின் முகம் மாதிரி, காலியாக இருந்தது. பிறகு கை இடுப்புக்குப் போயிற்று. சட்டைக்கு மேலாகச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டது. கால்கள் நடக்கத் தொடங்கின.

அகட்டி அகட்டி வைக்கிற அந்தத் தள்ளாட்ட நடைதான். ஆனால் தயக்கம் இல்லை. ரயிலடிப் பக்கம் திரும்பினான். மண்டித் தெருவுக்குள் புகுந்தான். ஈரச் சாக்கின் வாசம், மிதிபட்டு ஊறின மல்லாட்டைத் தோல், அதற்கு மேல் மரக்காணத்திலிருந்து வந்து இறங்குகிற கருவாட்டின் நெடி, மூக்கில் ஏறி நாக்கில் உப்பாக உட்கார்ந்தது. எங்கோ ஒரு ரைஸ் மில் டீசல் எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்தது. திடும் திடும் என்று அந்த அடி தரை வழியாகக் குதிகாலில் ஏறியது. இவ்வளவு சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது என்று அம்சா நினைத்தாள். நினைத்ததை உடனே விழுங்கினாள்.

முக்கில் சாராயக் கடை. அவன் நின்றான்.

போ என்று அவள் மனசு கெஞ்சியது. உள்ளே போ. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அதை வேண்டினாள். அங்கே போய்விட்டால் இந்தக் கால்களும் பொய் சொல்கின்றன என்று தெரிந்துவிடும். அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பொன்னி பாண்டியில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருப்பாள், இருந்துகொண்டே இருப்பாள்.

உள்ளேயிருந்து ஒருவன் தாண்டவராயனை அடையாளம் கண்டு கையாட்டி அழைத்தான். இவனும் கையாட்டினான்.

"அப்பறமா வர்றேன்பா. புள்ள காத்துக்கினு கெடக்குது."

அடுத்த பெட்டிக்கடையில் ஒரு பொரி உருண்டை வாங்கினான். அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்து, மழை படாமல் மேலே கையை வைத்து மூடிக்கொண்டான். நடை வேகமாயிற்று.

சந்து குறுகியது. இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லாத சுவர்கள். குடோன்கள். ஒரு பக்கம் கருவாட்டுக் கிடங்கு. வாசலில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ஒருவர் கோணிச் சாக்கைத் தலையில் போர்த்தி உட்கார்ந்திருந்தார். இந்தச் சந்தில் யாரைத் தேடுகிறாய் என்று அம்சாவைக் கேட்டார். அவள் கை காட்டினாள். தாண்டவராயன் எதிர்ப்பக்கத்துக் கதவின் முன்னால் நின்றிருந்தான்.

"அது கேஸ்ல கெடக்குற குடோனும்மா. அண்ணன் தம்பி தகராறு. வாடகைக்கு வுடலாம்னு யாரோ ஒரு தரகருகிட்ட சாவி குடுத்தாங்கன்னு பேச்சு, கொஞ்ச நாளு ஆளுங்கள இட்டாந்து தொறந்து காட்டிக்கினு இருந்தானாம், அப்பறம் ஒருத்தனும் வர்ல. யாரு தொறக்குறது அத?"

தரகர்.

மில் எஞ்சின் நின்றது. அடங்கி, இருமி, நின்றது. சந்தில் திடீரென்று ஓசையே இல்லை. மழை சொட்டுவது மட்டும்.

தாண்டவராயன் சட்டையைத் தூக்கினான். அரைஞாணை அவிழ்க்காமலே, குனிந்து, இடுப்பைக் கதவோரம் கொண்டுபோய், பழகின கையால் சாவியை நுழைத்தான். துருப்பிடித்த பெரிய பூட்டு.

நுழைய வேண்டாம்.

நுழைந்தது.

அம்சா அரிக்கேன் விளக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். வெளிச்சம் கதவின் மேலே போயிற்று, கீழே வந்தது. கதவின் அடியில், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் விரல்கூட நுழையாத ஒரு சந்து. அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சேற்றில் பாதி புதைந்து. வெயிலில் வெளுத்து. எத்தனை பேர் மிதித்துப் போனார்களோ. உள்ளேயிருந்து வெளியே நீட்டிவிட்ட மாதிரி.

ரிப்பன்.

இன்னொரு நுனி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அவள் கத்தினாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. மழை உள்ளே விழுந்தது. பூட்டு கடக் என்றது. அவன் அதைக் கழற்றிக் கீழே வைத்தான். பொரி உருண்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். தோளால் ஒரு இடி.

தொம்.

கதவு ஒரு சாண் அகலம் திறந்தது. திறந்து நின்றது. உள்ளே இருட்டு. பழைய மல்லாட்டைத் தூசியின் வெதுவெதுப்பான மூச்சு. அதற்கடியில், மிக லேசாக, காறிப்போன தேங்காய் எண்ணெய்.

அவன் மறுபடி தள்ளினான். மெதுவாக. கதவுக்குப் பின்னால் ஏதோ சாய்ந்திருந்தது. கனமில்லாத ஏதோ ஒன்று. தள்ளத் தள்ளத் தரையில் உரசிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. சருகு உரசுவது மாதிரிச் சத்தம்.

தாண்டவராயன் திரும்பி அம்சாவைப் பார்த்தான். அவளை இங்கே பார்த்ததில் அவனுக்கு ஆச்சரியமே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் பூரித்திருந்தது.

"பாத்தியா, கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு வெளையாடுறா."

பிறகு அந்தச் சாண் அகல இருட்டில் வாயை வைத்து, பொரி உருண்டையை உள்ளே நீட்டி, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில் கூப்பிட்டான்.

"கொஞ்சம் நவுந்துக்கோ கண்ணு. அப்பா வந்துட்டேன்."